காட்டு வாத்துகள் ஏன் கத்திக்கொண்டே பறக்கின்றன

அந்தக் காலத்தில் மாடு, குதிரை, பறவை எல்லாம் மனுஷரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. காட்டு வாத்துகளும் பேசும், ஆனால் தரையில் மட்டும்தான். வானத்தில் ஏறிவிட்டால் கப்சிப். முன்னால் ஒன்று, பின்னால் நாற்பது, ஒன்றுகூட வாயைத் திறக்காது. "கத்திக்கொண்டு பறக்க நாம் என்ன காக்கையா?" என்று அவற்றின் தலைவாத்துக்கு ஒரே பெருமை.

அமெரிக்காவின் நடுப்பாகத்தில், தோசைக்கல் மாதிரித் தட்டையான மக்காச்சோளச் சீமையில், ஹால்வர் மேடு என்று ஓர் ஊர். பெயரில்தான் மேடு, ஊரில் ஒரு திட்டுக்கூடக் கிடையாது. பதினோரு வீடு, நாற்பத்து மூன்று பேர், அவ்வளவுதான். அந்த நாற்பத்து மூன்று பேரையும் விரல் நுனியில் வைத்திருந்தவள் தோரா. எந்த வீட்டில் உப்பு தீர்ந்தது, எவன் பல்வலியை மறைத்துக்கொண்டு திரிகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒருத்தர் தும்ம முடியாது" என்பாள். பொய் சொல்லக்கூடாது, அது உண்மைதான்.

அவள் புருஷன் நீல்ஸ். ஊமையில்லை, ஆனால் ஊமைக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுவான், அதுவும் பாதிதான். அந்தச் சீமையில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். தோரா அவன் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்பாள், பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். இருபது வருஷக் குடித்தனம் இப்படியே சண்டை சச்சரவில்லாமல் ஓடிவிட்டது.

அந்த ஜனவரியில் ஒரு நாள் காலையிலேயே நல்ல வெயில். குளிர்காலத்தில் இப்படி ஒரு வெயிலா என்று ஊரே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தது. மதியம் தோராவின் கிழட்டுப் பசு மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கியது.

"தோரா, வடமேற்கே பாரு. என்னமோ வருது."

பார்த்தாள். அடிவானத்திலிருந்து வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து ஊரை நோக்கி ஓடி வந்தது. பனிப்புயல்! "ஓடியாங்க, எங்க கொட்டகைக்கு ஓடியாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் பதினோரு வீடும் காலியாயிற்று. ஊரிலேயே தடித்த சுவர் அந்தக் கொட்டகைக்குத்தான். தோரா கதவோரம் நின்று ஆட்களையும் ஆடுமாடுகளையும் பிடித்து உள்ளே தள்ளினாள். நடக்க முடியாத பெரிட்டம்மாவை நீல்ஸ் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கியதைப் பார்த்தாள். பிறகு குளத்திலிருந்து காட்டு வாத்துகள் வரிசையாக, வழக்கம்போல மூச்சுக்காட்டாமல் பறந்துவந்து அவள் தலைக்கு மேலே உள்ளே நுழைந்தன. அதற்குள் பனி கண்ணை மறைத்துவிட்டது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்தினாள்.

"வந்தாச்சு!" என்று உள்ளேயிருந்து பல குரல்கள்.

"எங்க பக்கமும் வந்தாச்சு" என்றது தலைவாத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தோரா குறுக்குக் கட்டையைப் போட்டாள்.

உள்ளே கும்மிருட்டு. சுற்றிலும் வைக்கோல், விளக்கேற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? மூலையில் போர்வைக்குள் முடங்கிக் கிடந்த உருவத்துக்குப் பக்கத்தில் தோரா உட்கார்ந்தாள். "பெரிட்டம்மாவைச் சுமந்து முதுகு பிடிச்சிருக்கும், உனக்கு. இரு, காலையில தேய்ச்சு விடுறேன்" என்றாள். பதில் இல்லை. பதில் எப்போது வந்தது?

சற்று நேரத்தில் கதவு தட் தட்டென்று அடித்துக்கொண்டது.

"பாத்தியா நீல்ஸ்? அந்தக் கதவுப் பலகை ஆடுது, ஆணி அடின்னு அறுவடையிலிருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன். நீ என்னைக்கு என் பேச்சைக் கேட்டே?"

தட் தட்.

"காதுல விழுதா உனக்கு?"

பக்கத்து வீட்டு ஓலே சிரித்தான். "விடு தோராக்கா, அண்ணன் தூங்கட்டும்."

சத்தம் வெகுநேரம் கேட்டது, பிறகு மெதுவாகியது, பிறகு நின்றே போயிற்று. "அப்பாடா, பிய்ஞ்சு விழுந்துருச்சு. ஒழிஞ்சது சனியன்" என்றாள் தோரா. அப்படியே தூங்கியும் போனாள்.

விடிந்தபோது புயல் ஓய்ந்திருந்தது. கூரை இடுக்கில் வெளிச்சம் வந்தது. "எந்திரி மனுஷா" என்று போர்வையை இழுத்தாள். உள்ளே ஒரு சோளமூட்டை இருந்தது.

"நீல்ஸ்?"

மாட்டோரம் பார்த்தேனே என்றான் ஒருவன். ஏணிக்கடியில் இருந்தானே என்றான் இன்னொருவன். எல்லோருக்கும் அவன் எங்கோ உள்ளேதான் இருந்தான். தோரா கதவுக்கு ஓடினாள். அந்தப் பலகை பிய்ந்து விழவில்லை. கையால் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. மேலிருந்து கீழ்வரை புது ஆணிகள் வரிசையாகப் பளபளத்தன. எப்போதோ அடித்திருக்கிறான், பாவி, வாயைத் திறந்து சொல்லாமல்!

அப்படியானால் ராத்திரி கதவை இடித்தது யார்? நாற்பத்திரண்டு பேரும் தங்கள் காதால் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள்.

கட்டையைத் தூக்கிப் பனியைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். கதவுக்குப் பக்கத்திலேயே, சுவரோரம், வைக்கோல் குவியல் ஒன்று பனி மூடிக் கிடந்தது. தோரா வெறுங்கையால் தோண்டினாள். உள்ளே நீல்ஸ். அவன் மார்பின்மேல் ஒரு காட்டு வாத்து இரண்டு இறக்கைகளையும் விரித்துக் கவிழ்ந்திருந்தது. வாத்து விறைத்துச் செத்திருந்தது. அதன் அடியில் நீல்ஸின் நெஞ்சு மட்டும் வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது.

அவனைத் தூக்கி வந்து, மாடுகளுக்கு நடுவில் கிடத்தி, ஊரே கூடித் தேய்த்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். "வரிசையில கடைசி வாத்து, இறக்கையில பனி உறைஞ்சு விழுந்துருச்சு. எடுக்கப் போனேன்" என்றான். பிறகு தோராவைப் பார்த்தான்.

"நீ பேசினது எல்லாம் கேட்டுச்சு. ஆணி அடிச்சிட்டேன்னு சொன்னேன். இங்கேதான் இருக்கேன்னு கத்தினேன். காத்துல உனக்குக் கேக்கல."

இருபது வருஷத்தில் அவன் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. தோரா அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பனியில் விறைத்து அவனுக்கு நான்கு விரல்கள் போயின, உயிர் தங்கியது. அதன்பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும், அவன் வாயிலிருந்து பதில் வரும்வரை நகரமாட்டாள்.

தலைவாத்து செத்த வாத்தின் பக்கத்தில் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றது. "என் பின்னாலதான் விழுந்திருக்கு. விழும்போதுகூடச் சத்தம் போடல. போடக்கூடாதுன்னு சொன்னவன் நான்தான்" என்றது.

ஊர்க்காரர்கள் எல்லையில் ஒரு பலகை நட்டார்கள். அதில் ஊர்ப்பெயர், அதன் கீழே நாற்பத்து மூன்று. பிள்ளை பிறந்தாலும் ஆள் போனாலும் எண்ணை அழித்து எழுதுவது என்று முடிவு செய்தார்கள். பக்கத்து ஊர்களும் பார்த்துப் பலகை நட்டன, இன்றும் அந்தச் சீமையில் அது நிற்கிறது. தலைவாத்து அதை இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்தது. "எழுதின நேரத்துக்கு இது சரி. அடுத்த நிமிஷம் யாரு இருக்கா, யாரு விழுந்தான்னு இந்தப் பலகையா சொல்லும்?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தோடு எழும்பியது.

அன்று முதல்தான் காட்டு வாத்துகள் வானமே அதிரக் கத்திக்கொண்டு பறக்கின்றன. முன்னால் போவது "இருக்கியா?" என்று கேட்க, கடைசி வாத்துவரை ஒவ்வொன்றும் "இருக்கேன், இருக்கேன்" என்கிறது. ஒரு குரல் குறைந்தாலும் கூட்டம் திரும்பி வருகிறது.