கங்காதரன் உட்கார்ந்தால் மட்டும்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி மங்களாம்பிகை அம்மை தினமும் காலை ஆறு மணிக்குப் பாடம் சொல்வார். கூடத்துக் கம்ப்யூட்டர் அதை நேரலையாக ஊர் ஊருக்கு அனுப்பும். மடத்துக்குள் செல்போனுக்கு இடமில்லை.

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு கங்காதரன். அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், அந்தப் பெருமையும் உண்டு.

அவருடைய அக்கா கோமளம் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு இதய ஆபரேஷன். பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாளாம். தம்பியும் பக்கத்தில் இருக்கவேண்டுமாம்.

தான் இல்லாதபோதும் நேரலை நடக்கவேண்டுமே என்று கங்காதரன் நான்கு நாளைக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்தார். சமையல்கட்டுப் பொன்னுத்தாய் பட்டனை அழுத்தினால் போதும். பாஸ்வேர்ட் கேட்காமல் கம்ப்யூட்டர் தானே உள்ளே நுழைந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் காதில் ஓதிய மந்திரம்போல் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று பிடித்தது சனி. நான்கு நாளாகக் காலையில் வைஃபை இணையவில்லை. "மெஷின் சரியாகட்டும், வர்றேன்" என்று அக்காவுக்குத் தினமும் தகவல் போனது.

பகலில் அவரே பாஸ்வேர்டைத் தட்டி நுழைந்து பார்த்தால், சமத்தாக இணைந்துவிடும். வைஃபை பெட்டியை மூன்று முறை இடம் மாற்றினார். பொன்னுத்தாயைத் திட்டினார். தலையைப் பிய்த்துக்கொண்டார்.

மத்தியானம் அம்மையிடம் வந்து நின்றார்.

"வேலியில போன ஓணானை மடியில கட்டிக்கிட்டேம்மா. நான் உட்கார்ந்தா மட்டும் இணையுது. அவ போட்டா இணைய மாட்டேங்குது. ஏன்?"

அம்மை எழுந்து கூடத்துக்கு வந்தார்.

"வாசலுக்கு வெளியே போய் நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான். பொன்னுத்தாயி, நீ போடு."

கங்காதரன் செருப்புகளுக்கு நடுவே போய் நின்றார். அவமானமாக இருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் எழும் சத்தம் கேட்டது.

"என்ன தெரியுது?" என்றார் அம்மை.

"தினமும் வர்ற கட்டந்தாம்மா. பாஸ்வேர்ட் கேக்குது. மூடிடுவேன்."

கங்காதரன் பாய்ந்து வந்தார். "நாலு நாளா வருதா? ஏன் சொல்லலை?"

"எதையும் தொடாதே, எங்கிட்ட வாயைத் திறக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வைஃபையின் சாவிச்சொல்லை அவர் தன் பெயரில் பூட்டி வைத்திருந்தார். அவர் பாஸ்வேர்டைத் தட்டி நுழைந்தால் அந்தப் பூட்டும் கூடவே திறந்துகொள்ளும். கம்ப்யூட்டர் தானாக நுழைந்தபோது அதைத் திறக்க ஆளில்லை; அதற்குத்தான் அந்தக் கட்டம் பாஸ்வேர்ட் கேட்டது.

இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிட அங்கேயே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. கை மட்டும் வரவில்லை.

"எல்லாருக்கும்னு விட்டா ஆளாளுக்குக் கை வைப்பாங்களேம்மா."

"வைக்கட்டும்."

டிக் போட்டார். அம்மை வாசலைக் காட்டினார். மறுபடியும் செருப்புகளுக்கு நடுவே போய் நின்றார். பொன்னுத்தாய் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள்.

"ஓடுதும்மா! உங்க நாற்காலி தெரியுது!" என்று கத்தினாள் பொன்னுத்தாய்.

தஞ்சாவூர் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. கங்காதரன் உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கேபிளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அக்காவை அந்தக் கட்டிலில் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"கிளம்பலையா?" என்றார் அம்மை.

"நாளைக்கு ஒரு காலை இருந்து பாத்துட்டுப் போறேம்மா. நான் இல்லாத நேரத்துல மறுபடி தகராறு பண்ணினா?"



"நீங்க இல்லாம ஓடவேண்டியதுக்கு நாலு நாள் காவல் காத்தாச்சு. நீங்க இருந்தாத்தான் ஆகும்னு அங்க ஒருத்தங்க படுத்திருக்காங்க. அவங்ககிட்ட எப்ப போகப்போறீங்க?"