அசுரன் சாகாத புராணம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. வயிறு நிறைந்திருந்தால் நாட்டையே தூக்கிக் கொடுப்பார். பசி வந்துவிட்டால் பெற்ற தாயே வந்தாலும் முகம் கொடுக்கமாட்டார்.

அந்த நாட்டுக் கோயிலில் ஆடி மாதம் காரையம்மன் புராணம் வாசிப்பார்கள். வாசித்துவந்த நல்லபெருமாள் அந்த வருஷம் இறந்துபோனார். அவர் மகள் உலகம்மைக்குப் புராணம் முழுதும் மனப்பாடம். "அப்பா உட்கார்ந்த பலகையில் நான்தான் உட்காருவேன்" என்று நேராக அரசவைக்கே வந்துவிட்டாள். அவைப் புலவர் அனந்தசயனருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பலகை தன் மருமகனுக்குத்தான் என்று அவர் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்.

"மகாராஜா, புராணமே சொல்கிறது: 'பெண்ணின் புத்தி நிலையில்லாதது, பெண்ணின் சொல் அவை ஏறாது.' இதற்குமேல் நான் என்ன சொல்ல?"

ராஜா தலையாட்டினார். "கேட்டாயா அம்மா? புராணத்தை மீற எனக்கே அதிகாரம் இல்லை."

உலகம்மைக்கு நெஞ்சு கொதித்தது. இங்கே அழுதால் புலவர் சொன்னதே நிஜமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி மகாராஜா. பெண் சொல் செல்லாதென்றால், பெண் பேசிய இடம், பெண் வந்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புலவரே இப்போது வாசிக்கட்டும். முறைப்படி முடித்துவிட்டால் நான் இந்த நாட்டிலேயே இருக்கமாட்டேன்."

"இதென்ன பெரிய காரியம்! சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடுகிறேன்" என்று புலவர் ஏட்டைப் பிரித்தார்.

வன்முகாசுரன் பிறந்தான். தவம் செய்தான். மழையைச் சிறைபிடித்தான். புலவர் குரலை ஏற்றி இறக்கி வெளுத்து வாங்கினார். தேவர்கள் ஓடி ஒளிந்துகொண்டு அழுதார்கள். அடுத்த ஏட்டில் அம்மன் வந்தாள், புரட்டினார். அதற்கடுத்ததிலும் அம்மன், புரட்டினார். புரட்டிப் புரட்டி மங்களப் பாட்டே வந்துவிட்டது. வாயெடுத்தார்.

"நில்லுங்கள் புலவரே, அசுரன் இன்னும் சாகவில்லையே!" என்றாள் உலகம்மை.

அவை திடுக்கிட்டது. அந்த நாட்டு வழக்கம் அப்படி. அசுரன் கை ஓங்கியிருக்கும்போது ஏட்டைக் கட்டினால் நாட்டில் மழை பெய்யாது என்பார்கள். மங்களம் பாடும்வரை, ராஜாவே ஆனாலும், கேட்க உட்கார்ந்தவர் எழக்கூடாது. பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது.

"தேவர்களில் யாராவது கொல்லட்டுமே, ஐயா!" என்றார் ராஜா.

"அவர்கள் ஒளிந்திருக்கிறார்கள், மகாராஜா."

"எவ்வளவு நேரம் ஒளிந்திருப்பார்கள்?"

மடைப்பள்ளியிலிருந்து நெய் மணம் வந்தது. ராஜாவின் வயிறு இரைந்தது அவைக்கே கேட்டது.

"ஓய், அந்த அசுரனைக் கொல்லும்! இல்லாவிட்டால் உம்மைத்தான் மென்று தின்பேன்!"

புலவர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒரு தேவனும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ராஜா திரும்பினார். "உலகம்மை, நீ வாசி தாயே!"

"என் சொல் அவை ஏறாதே, மகாராஜா?"

"நான் ஏற்றுகிறேன், வாசி!"

ஏட்டைத் தொடாமலே உலகம்மை தொடங்கினாள். அம்மன் சூலத்தோடு வந்து நின்றாள். அசுரன் அவளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்: 'பெண்ணின் புத்தி நிலையில்லாதது, பெண்ணின் சொல் அவை ஏறாது.'

உலகம்மை நிறுத்தினாள். "புலவரே, புராணம் சொல்கிறது என்றீர்கள். சரிதான், புராணத்தில்தான் இருக்கிறது. யார் வாயில் இருக்கிறது என்பதை மட்டும் முழுங்கிவிட்டீர்கள்."

அவை கொல்லென்று சிரித்தது. புலவர் தலை தொங்கியது. அசுரன் பேச்சுக்குத் தானும் தலையாட்டிவிட்டோமே என்று ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. உலகம்மை தொடர்ந்தாள். சூலம் பாய்ந்தது, அசுரன் விழுந்தான், மழை கொட்டியது.

"பலகை உனக்குத்தான்! உனக்குப் பிறகு உன் மகளுக்கு! புலவர் ஆடி முழுதும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கவேண்டும்!" என்று சொல்லிக்கொண்டே ராஜா சாப்பாட்டுக்கு எழுந்தார்.

"உட்காருங்கள் மகாராஜா, மங்களம் இன்னும் பாடவில்லை" என்றாள் உலகம்மை.

ராஜா உட்கார்ந்தார்.