பச்சைச் சால்வைக்காரரையும் மீன் கடிக்கும்

பூங்குளம் நாட்டை ஆண்ட திருமுடி ராஜாவுக்கு ஒரு விசித்திர வழக்கம். ஏரி சம்பந்தமான வழக்கு வந்தால் அரண்மனையில் விசாரிக்க மாட்டார். ஏரிக்கரையிலேயே ஆசனம் போடச் சொல்லுவார். குற்றம் சாட்டப்பட்டவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பதில் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மீன் காலைக் கடிக்கும் என்பது ராஜாவின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அன்று தண்ணீரில் நின்றவர் செங்கல் சூளைக்காரர் பேச்சிமுத்து. சூளைப் புகையால் ஏரி நாரைகளெல்லாம் ஓடிவிட்டன என்று புகார் கொடுத்தவர் வனமாலிப் பண்டிதர். ஏரியையும் காட்டையும் காக்க ஒரு சங்கமே வைத்திருந்தார். சங்கத்தார் எல்லோர் தோளிலும் பச்சைச் சால்வை மினுங்கும்.

"நாரைகளை விரட்டியது உன் புகைதானே?" என்றார் ராஜா.

"என் புகை மட்டுமே காரணமில்லை, மகாரா... ஐயோ!" பேச்சிமுத்து துள்ளிக் குதித்தார். மீன் கடித்துவிட்டது.

"பொய்யன்! நாளைக்கே சூளையை இடித்துவிட்டு, குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ!"

சூளையில் மண் மிதிக்கும் பெண்கள் கரையில் நின்று கதறினார்கள். ராஜாவின் ஆலோசகர் கோலப்பன் முன்னால் வந்தார்.

"மகாராஜா, பண்டிதரையும் தண்ணீரில் இறக்கி ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே?"

வனமாலியின் முகம் சிவந்தது. "என்னையா? நான் ஏரிக்காகப் பாடுபடுகிறவன்! நல்லது செய்கிறவனுக்கு எதற்கையா சோதனை?"

"அதானே! பச்சைச் சால்வைக்காரர்களைச் சந்தேகப்படலாமா?" என்று சொல்லிவிட்டு ராஜா எழுந்து போய்விட்டார்.

கோலப்பன் நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தார்.

மறுநாள் காலை தண்டனை நிறைவேறுவதைப் பார்க்க ஏரிக்கரையில் எல்லோரும் கூடியபோது, ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பேச்சிமுத்துவின் தோளில் பளபளவென்று ஒரு பச்சைச் சால்வை! சால்வைக்குள் அவர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"என்ன கோலம் இது?"

"ஏரிப் பாதுகாப்பு மகா சங்கத்தின் தலைவர், மகாராஜா," என்றார் கோலப்பன் பணிவாக. "சங்கம் இன்று காலைதான் பிறந்தது. தலைவர் இனி நல்லது செய்கிறவர். அவருக்குச் சோதனையும் கிடையாது, நேற்றைய தண்டனையும் கிடையாது."

"மோசடி!" என்று கத்தினார் வனமாலி. "சால்வையைப் போர்த்திக்கொண்டால் யோக்கியனாகிவிடுவானா?"

"ஆக மாட்டாரா?" என்றார் கோலப்பன்.

"மாட்டான்! உள்ளே இருக்கிற ஆளைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா?"

"சால்வை யாருடையதாக இருந்தாலுமா?"

"யாருடையதாக இருந்தாலும்!"

கோலப்பன் ராஜாவைக் கும்பிட்டார். "பண்டிதரே தீர்ப்புச் சொல்லிவிட்டார், மகாராஜா. முதலில் அவரே இறங்கட்டும்."

சொன்ன வாயை என்ன செய்வது? வனமாலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"நாரைகள் போனது புகையால் மட்டும்தானா?" என்றார் ராஜா.

"சத்தியமாக, மகா... ஆ! ஐயையோ!"

"அப்படியானால் பொய்யா?"

"இல்லை மகாராஜா! மீனுக்குப் பசி! பசித்த மீன் யார் காலையும் கடிக்குமே!"

"நேற்று பேச்சிமுத்துவைக் கடித்த மீன் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்ததா?" என்றார் கோலப்பன்.

ராஜா தாடியைச் சொறிந்தார். "சரி, இருவரையும் கரையில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேள்."

"நாரைகள் பறந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா? ஏன் பறந்தன?" என்று கேட்டார் கோலப்பன்.

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "காற்று ஏரிப் பக்கம் அடிக்கும்போது ஈர விறகைப் போட்டு எரித்தது நிஜந்தான் ஐயா. அந்தப் புகையில் பாதி நாரைகள் போய்விட்டன."

"மீதி?"

வனமாலி சால்வை நுனியைத் திருகினார். "நாரைகளைக் காப்பாற்றுங்கள் என்று ஊரை எழுப்பத்தான்... விடியற்காலையில் கரையைச் சுற்றித் தாரை தப்பட்டை அடித்தோம். வேட்டும் போட்டோம். அதில்... மீதியும்..."

"இரண்டு பேரையும் நாடு கடத்தட்டுமா?" என்று உறுமினார் ராஜா.

"வேண்டாம், மகாராஜா. இவர் போனால் வீடு கட்டச் செங்கல் இருக்காது. அவர் போனால் ஏரிக்காகக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. இவர் காற்றைப் பார்த்து எரிக்கட்டும். அவர் வேட்டு வெடிக்காமல் காக்கட்டும்."

ராஜா ஒப்புக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. "என் மீன் பொய்யே சொல்லாது!" என்று முணுமுணுத்தபடி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார். "நான் யாரிடமும் பாரபட்சம் காட்டியதே இல்... ஆ!"

சட்டப்படி பார்த்தால் இப்போது யார் பொய்யர்?

கோலப்பன் சேவகர்களைப் பார்த்துக் கூவினார்: "யாரங்கே! ஒரு மீன் மகாராஜாவையே பொய்யர் என்று சொல்லிவிட்டது! அந்த மீனை உடனே நாடு கடத்துங்கள்!"

ராஜா திகைத்தார். பிறகு தண்ணீரிலேயே நின்றபடி வயிறு குலுங்கச் சிரித்தார். கரையேறி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கோலப்பனுக்குப் போட்டுவிட்டு, வேறு யாரும் இறங்குவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர்ச் சோதனையை அன்றோடு ஒழித்தார்.