பேராசிரியர் படம் போட்ட எண்

ஆய்வு மாணவி பொன்னருவியை ஏமாற்றியவன், அவளுடைய கைடு பேராசிரியர் அறவாழியின் படத்தைப் போட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்தான். அவசரம் என்றான். இருபதாயிரம் அனுப்பினாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வைத்திருந்த கட்டணம் அது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"பணம் வந்ததா சார்?" என்று அவர் அறைக்குள் போய்க் கேட்டாள்.

"எந்தப் பணம்?"

அங்கேயே நின்று சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொன்னாள். வங்கிக்கும் சொன்னாள். பணம் அதற்குள் நாலு கணக்கு தாண்டிவிட்டதாம்.

"தருக்கத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் நீ! புது எண் என்று தெரியவில்லையா?"

"தெரிந்தது."

"சந்தேகம்?"

"வந்தது."

பேராசிரியர் திகைத்துப்போனார். "பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை?"

"போன வருடம் கேட்டேனே சார். கரண்ட் பில் கட்டச் சொன்னீர்கள். எந்த வீட்டுக்கு என்று போன் செய்தேன். கத்தினீர்கள். அப்புறம் மூன்று மாதம் என் அத்தியாயத்தைத் தொடவே இல்லை."

"அது வேறு, இது வேறு."

"எப்படி வேறு?"

அவள் விடவில்லை. தன் போனில் ஒரு செய்தியைத் திறந்து, மேலே இருந்த எண்ணை விரலால் மறைத்துக் காட்டினாள்.

'மீட்டிங்கில் இருக்கிறேன். ரயில் டிக்கெட் எடு. போன் பண்ணாதே.'

பிறகு இன்னொன்று.

'அருவிம்மா, மீட்டிங்கில் இருக்கிறேன். ஓர் உதவி வேண்டும். முடியுமா?'

"இதில் எது நீங்கள் அனுப்பியது, சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார்.

"இரண்டாவது" என்றார்.

அவள் விரலை எடுத்தாள்.

அது அவருடைய எண் இல்லை.

அவர் தன் போனை எடுத்து, மாணவர்கள் குழுவில் தட்டினார்:

'என் பெயரில் யார் என்ன கேட்டாலும் எனக்குப் போன் செய்து விசாரியுங்கள். கோபிக்க மாட்டேன். பொன்னருவியின் கட்டணத்தை நானே கட்டுகிறேன். இதுவரை திட்டியதற்கு மன்னிக்கவும்.'

அனுப்பிய அடுத்த நிமிடமே அவர் போன் அடித்தது. முதலாண்டு மாணவி பர்வீன். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. குரூப்ல இப்ப பேசினது நீங்கதானா?"