கொக்கியில் ஒரு ரொட்டி

சொல்லைத் தேடி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்து இசக்கி போய்ச் சேர்ந்தது எஸ்கிஷெஹிருக்கு. துருக்கி தேசத்தின் நடுமேட்டில், பனிக்காலத்தில் ஆற்றின் ஓரம்கூட உறைந்துபோகிற ஊர் அது.

அங்கே நெர்மின் என்று ஒரு பெண்மணி, மொழிபெயர்ப்பாளர், இருந்தார். நாலு மொழி தெரிந்தவர். நாலிலும் கொஞ்சமாகத்தான் பேசுவார். பாடம் சொல்லிக்கொடுப்பது தன் வீட்டுச் சமையலறை மேசையில். கற்றுக்கொடுக்கிறவர் யாரானாலும் அந்த ஊரில் 'ஹொஜாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் ஆசான் என்று பொருள். இசக்கியும் அப்படியே கூப்பிட்டாள். இத்தனைக்கும் இருவரில் இரண்டு வயது மூத்தவள் இசக்கிதான்.

வாதாடுவது இசக்கிக்கு மூச்சு விடுகிற மாதிரி. பனி பெய்கிறது என்று யாராவது சொன்னால், பெய்யட்டுமே, அதற்கு நான் ஏன் தலையாட்ட வேண்டும் என்பாள். நெர்மின் மறுத்துப் பேச மாட்டார். தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி வைப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு அவர் கொடுத்திருந்த வேலை ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். 'டேக்'. அதற்குத் துருக்கியில் எத்தனை சொல், தமிழில் எத்தனை சொல், எது எங்கே பொருந்தும் என்று தேடி எடுக்க வேண்டும். அது முடிந்தால்தான் அடுத்த சொல். முதல் சொல்லிலேயே திணறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று இசக்கி தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

திரும்புவதற்கு வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து வரவேண்டிய உதவித்தொகை ஏதோ ஒரு கையெழுத்துக்காக எங்கேயோ நின்றுபோனது. முதலில் அவள் மத்தியானச் சாப்பாட்டை விட்டாள். பிறகு ராத்திரிச் சாப்பாடும் போயிற்று. காலையில் தெருமுனையில் வாங்குகிற, ரொட்டி மாவில் சுட்ட ஒரு எள்ளு வளையமும், பாடத்தின்போது நெர்மின் ஊற்றுகிற தேநீருமாக நாள் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை.

நெர்மின் சாப்பிடக் கூப்பிடாத நாள் கிடையாது. இசக்கி இருந்து சாப்பிட்ட நாளும் கிடையாது. "சாப்பிட்டுத்தான் வந்தேன், ஹொஜாம்" என்பாள். யார் வீட்டிலும் கை நனைக்காதே, நனைத்தால் அப்புறம் அந்த வீட்டுக்காரர் முன்னால் நிமிர்ந்து பேச முடியாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. தேநீரைக்கூடப் பாடத்தோடு சேர்ந்தது என்று மனசில் கணக்குச் சொல்லிக்கொண்டுதான் குடித்தாள்.

ஒரு சாயங்காலம் சேர்த்த சொற்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவள் சண்டைக்கு நின்றாள். சண்டை நெர்மினோடு இல்லை, அந்த ஆங்கிலச் சொல்லோடு.

இந்த ஆங்கிலேயன் பேருந்தையும் எடுக்கிறான், மருந்தையும் எடுக்கிறான், போட்டோவையும் எடுக்கிறான் என்றாள். துருக்கிக்காரர் அப்படியில்லை. பேருந்தில் 'பின்மெக்' என்று ஏறுகிறார். மருந்தை 'இச்மெக்' என்று குடிக்கிறார், மாத்திரையானாலும் குடிக்கத்தான் செய்கிறார். போட்டோவை 'செக்மெக்' என்று இழுக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக வேறு சொல். கொடுத்ததை ஏற்றுக்கொள்ள இன்னொரு சொல். தமிழிலும் நாங்கள் ஏறுகிறோம், சாப்பிடுகிறோம், பிடிக்கிறோம், கூட்டிப்போகிறோம் என்றாள். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. இவனுக்கு மட்டும் எல்லாமே எடுப்பதுதான்.

"எங்க நாட்டையும் இதே சொல்லாலதான் எடுத்தாங்க, ஹொஜாம். பந்தியில ஒரு துண்டு ரொட்டி எடுக்கிறதுக்கும் அதே சொல். கூச்சமே கிடையாது."

நெர்மின் சிரித்தார். தேநீர் ஊற்றினார்.

"உன் கோபம் ஆறினதும் கேள்வியைக் கேளு" என்றார்.

"கேள்வின்னு நான் சொல்லலையே."

"இவ்வளவு கோபத்துக்கு அடியில ஒண்ணு இருக்கும்."

இசக்கி கண்ணாடிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, தங்கள் பழைய இலக்கணத்தில் ஒன்று உண்டு என்று ஆரம்பித்தாள். ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு மூன்று சொல். தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்பான், சமமானவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். வாயைத் திறக்கும்போதே ஆள் எந்தப் படியில் நிற்கிறான் என்பது தெரிந்துபோகும்.

"கேட்கிறதுக்கு இருக்கிற மாதிரி, வாங்குறதுக்கும் படி இருக்கத்தானே செய்யும்? இத்தனை சொல் சேர்த்தேன். எந்தச் சொல்லால வாங்கினா ஆள் சிறுத்துப்போகாது? அது இதுல இல்ல, ஹொஜாம். உங்க மொழியில இருந்தா சொல்லுங்க."

நெர்மின் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"ரொட்டி தீர்ந்துபோச்சு. வா, போயிட்டு வருவோம்."

தெரு திரும்பியதும் ரிஃப்கி என்பவருடைய ரொட்டிக்கடை. கதவைத் திறந்தாலே சூட்டு வாசனை முகத்தில் அடிக்கும். இசக்கி அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வசதியுள்ளவர்கள் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "இன்னொண்ணு கொக்கியில" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுவரில் இருக்கிற இரும்புக் கொக்கியில் ஒரு பையைக் கட்டி அதில் அந்த ரொட்டியைப் போட்டு வைப்பார் ரிஃப்கி. இல்லாதவர்கள் வந்து, கொக்கியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். போட்டது யார் என்று எடுத்தவருக்குத் தெரியாது. எடுத்தது யார் என்று போட்டவருக்கும் தெரியாது.

நெர்மின் நேராகப் போய், "கொக்கியில ரொட்டி இருக்கா, உஸ்தா?" என்று கேட்டார். கைத்தொழில் தேர்ந்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இருக்கிறது என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார் ரிஃப்கி.

நெர்மின் பைக்குள் கைவிட்டு ஒரு ரொட்டியை எடுத்தார். "கைக்கு நலம் உண்டாகட்டும்" என்று, அந்த ஊரில் உணவு தந்தவர்களைப் பார்த்துச் சொல்கிற வாழ்த்தைக் கொக்கியைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்துவிட்டார்.

இசக்கிக்குக் காது சூடாகிவிட்டது. தெருவில் நாலடி வைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கணப்பு எரிகிறது. அது யாரோ பசித்தவருடைய ரொட்டி. ஆங்கிலேயனைச் சொல்ல வந்தேனே, அவனாவது எடுக்கிறதை எடுக்கிறேன் என்றே சொன்னான் என்றாள்.

நெர்மின் கேட்டுக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் ரொட்டியை இசக்கியின் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எடுத்துக்கோ."

"திருட்டு ரொட்டி எனக்கு வேண்டாம்."

"சரி" என்றார் நெர்மின்.

அன்று ராத்திரி, அதே வீட்டில் தான் தங்கியிருந்த மாடி அறையில் இசக்கி பெட்டியைக் கட்டினாள். இப்படிப்பட்டவரிடம் ஒரு சொல்லும் கற்க வேண்டாம் என்று கட்டியதாகத்தான் நினைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. தன் ஆசான் செய்த பிழையை அப்படியே விட்டுவிட்டுப் போவது சரியா? அவரிடம் குடித்த தேநீருக்காவது அதைச் சரிக்கட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் எள்ளு வளையத்துக்கு வைத்திருந்த கடைசிச் சில்லறையை எடுத்துக்கொண்டு ரிஃப்கியின் கடைக்குப் போனாள். ஒரு ரொட்டிக்குக் காசு வைத்தாள்.

"கொக்கியில போடுங்க. நேத்து ஒருத்தர் தேவையில்லாம எடுத்துட்டாங்க. அதுக்குப் பதில் இது."

"யார் எடுத்தது?"

"நீங்க பார்க்கலையா?"

"நான் அடுப்பைப் பார்க்கிறவன், மகளே. கொக்கியைப் பார்க்க ஆரம்பிச்சா இந்தக் கடையில ஒருத்தரும் அதுல கை வைக்க மாட்டாங்க." ரொட்டியைப் பையில் போட்டார். காலை நேரம், பையில் அது ஒன்றுதான் இருந்தது.

வெளியே பனி அடர்த்தியாக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் விடட்டும் என்று அவள் கதவோரம் ஒதுங்கி நின்றாள். கண்ணை எங்கே திருப்பினாலும் ரொட்டியாகத்தான் இருந்தது.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை. கொக்கியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இசக்கியின் நாக்கு நுனியில் வந்துவிட்டது. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டா? ஆனால் ரிஃப்கி அடுப்பைப் பார்த்தபடி இருக்கிறது என்று சொல்ல, அவரும் எடுத்துவிட்டார். அவளுடைய ரொட்டியை.

கைக்கு நலம் உண்டாகட்டும் என்று கொக்கியிடம் சொல்லிவிட்டு அவர் கதவுவரை வந்தார். அதற்குமேல் முடியவில்லை. அங்கேயே நின்று ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கண் மூடலை இசக்கிக்குத் தெரியும். அதை உள்ளிருந்தே தெரியும்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டு கண்ணில் இருந்து மறைந்துபோனது. இவர் வராமல் போயிருந்தால் அது அந்தப் பையிலேயே காய்ந்திருக்குமே என்று நினைத்தாள். நல்லவேளை வந்தார். அவர் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, கூச்சத்தோடு லேசாகத் தலையசைத்துவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார். அவர் முதுகைப் பார்த்து நன்றி என்று சொன்னாள் இசக்கி. தமிழில்தான் சொன்னாள். அவர் காதில் விழுந்திருக்காது.

திரும்பி வந்தபோது பெட்டியை எடுக்க மாடிக்குப் போகவில்லை. சமையலறைக் கதவைத் தட்டினாள்.

நெர்மின் அடுப்பில் நின்றிருந்தார். நேற்றைய ரொட்டி கல்லாகிப்போயிருந்தது. அந்த ஊரில் ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம். அதைத் துண்டு போட்டு, பாலிலும் முட்டையிலும் தோய்த்து எண்ணெயில் வாட்டிக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

இசக்கி உட்கார்ந்தாள். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் பழகியிருந்தது. சொல்லவில்லை.

"ஹொஜாம். நேத்து இது யாரோ பசிச்சவங்க ரொட்டின்னு சொன்னேன்."

"ஆமா."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொன்னது சரிதானே. பசிச்சவங்களுக்குன்னுதான் எடுத்துட்டு வந்தேன். அவங்க வேண்டாம்னுட்டாங்க."

இசக்கி எழுந்து குழாயடிக்குப் போய்க் கை நனைத்துவிட்டு வந்தாள். கண்ணையும் அங்கேயே கழுவிக்கொண்டாள். நெர்மின் அவள் தட்டில் சூடாக இரண்டு துண்டு வைத்தார்.

"அந்தச் சொல்லு, ஹொஜாம்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "சிறுத்துப்போகாம வாங்குறதுக்கு. நான் தேடினது. அது எது?"

"இன்னிக்குக் காலையில நீ கடைப் பக்கம் போறதைப் பார்த்தேன். அங்க ஒருத்தரைப் பார்த்திருப்பியே. கொக்கியில இருந்து எடுத்தவரை."

அவருக்கு எப்படித் தெரியும் என்று இசக்கி கேட்கவில்லை. அந்தக் கடையில் எந்தக் காலையிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

"பார்த்தேன்."

"அவர் சிறுத்துப்போனாரா?"

இசக்கிக்கு எதையும் மறுக்கத் தெரியும். ஆனால் வாய் நிறைய ரொட்டி இருந்தது.