ஐந்து தடவை தேய்த்த கம்பி

என் குருவுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு அறுபத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்லும் மெஹருன்னிசா மேடத்திடம் போய், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். சேர்த்துக்கொண்டார்.

வேலை இதுதான். தூணைக் கொத்தி உள்ளேயிருக்கும் கம்பியை வெளியே காட்ட வேண்டும். கம்பியின் முதுகைக் கிரைண்டரால் தேய்த்துத் தட்டையாக, வழுவழுப்பாக ஆக்க வேண்டும். அதன்மேல் பேனா மாதிரியான மெஷினை வைத்து அழுத்தினால் ஒரு குண்டு கம்பியில் மோதித் திரும்பும். திரையில் எண் வரும். நானூறு பக்கம் இருந்தால் கம்பியில் பலம் இருக்கிறது. முந்நூற்று எண்பதுக்குக் கீழே போனால் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

அன்று போனது ஒரு பள்ளிக்கூடம். கீழே கூடம், மாடியில் ஆறாம் வகுப்பு. முப்பது வருடத்துக்கு முன் அந்தக் கட்டடத்தைக் கூடவே நின்று கட்டியவன் நான். மேடத்திடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

"இன்னைக்கு நீங்களே பாருங்க சார்," என்று மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு மேடம் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார்.

எட்டுத் தூண்கள். ஆறு தூண்களில் மெஷினை வைத்ததுமே நானூறு காட்டியது. மூன்றாவது தூணில் முந்நூற்று முப்பது. தேய்த்தது போதாது என்று மறுபடி தேய்த்தேன். முந்நூற்று அறுபது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அப்பாடா என்றிருந்தது. ஏழாவது தூணும் இப்படித்தான் படுத்தியது. இடம் மாற்றி மாற்றித் தேய்த்து, ஐந்தாவது தடவைதான் வழிக்கு வந்தது.

மேடம் திரும்பி வந்து நான் எழுதிய தாளைப் பார்த்தார்.

"ஏழாவது தூண்ல எத்தனை தடவை தேய்ச்சீங்க?"

"அஞ்சு."

"மூணாவதுல?"

"மூணு."

"மத்ததெல்லாம்?"

"ஒரே தடவைதான். சரியா வந்துடுச்சே மேடம்."

அவர் கிரைண்டரை எடுத்தார். முதல் தூணில், நான் தேய்த்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளித் தேய்த்து மெஷினை வைத்தார். முந்நூற்று எழுபது. இரண்டாவது தூணுக்குப் போனார். முந்நூற்று ஐம்பத்தைந்து.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் ஒண்ணும் இட்டுக்கட்டி எழுதலை. இதுல இருக்கற ஒவ்வொரு எண்ணும் மெஷின் காட்டினது."

"ஆமா சார். நானூறு வந்த இடத்துல நிறுத்திட்டீங்க. வராத இடத்துல மட்டும் மறுபடி தேய்ச்சீங்க."

"இந்தக் கட்டடம் எழும்பினப்போ கூடவே நின்னவன் நான். வந்து இறங்கின ஒவ்வொரு லோடு கம்பிக்கும் கையெழுத்துப் போட்டவன்."

வாய்தவறி வந்துவிட்டது. மேடம் கிரைண்டரைக் கீழே வைத்தார்.

"எல்லா லோடுக்கும் சோதனைச் சீட்டு வந்துச்சா?"

"ஒரு லோடுக்கு மட்டும் வரலை. மழைக்கு முன்னால தூண் எழுப்பித் தளம் போட்டாகணும்னு மேலிடத்துல நெருக்கினாங்க."

"அதுக்கு என்ன எழுதினீங்க?"

"பார்வைக்குக் கம்பி நன்றாக உள்ளதுன்னு எழுதினேன். நல்லாத்தான் இருந்துச்சு மேடம். துரு இல்லை, வெடிப்பு இல்லை. நான் பொய் எழுதலை. இதுல என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்க."

மேடம் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கும் நீங்க பொய் எழுதலை சார். இன்னைக்கும் எழுதலை. மாடியில நாப்பத்திரண்டு பிள்ளைங்க இருக்காங்க, போய் இறங்கச் சொல்லுங்க. எதுக்குன்னு டீச்சர் கேப்பாங்க. அதையும் நீங்களே சொல்லிடுங்க."