ஏகாம்பரத்தின் மகளுக்கு ஒரு ருஷ்யப் பெயர்

சாமியிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் உட்கார்ந்துதான் கேட்பார்கள். ஏகாம்பரம் அன்றைக்கு உட்காரவே இல்லை. மடத்து வாசலில் பைக்கை நிறுத்தினார். சாவியை எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி எடுத்தார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், மத்தியானம் சாதுக்களுக்குச் சாப்பாடு. சமைக்கிறவள் நான். சாமிக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். சீடர் ஏகாம்பரத்துக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் நேரே ஏகாம்பரத்தின் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய் நகர்வார்.

வெள்ளைக்காரர்களை நம்பி டீக்கடை வைத்தவர் அவர். இஞ்சி டீ குடிக்க வந்த கலீனாவையே கட்டிக்கொண்டார். ருஷ்யாக்காரி, தங்கமான பெண். அவளுக்குத்தான் போன வாரம் ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பிழைக்குமா என்று கேட்டால் டாக்டர் மேலே பார்க்கிறார்.

"சாமி, பேரு," என்றார் ஏகாம்பரம், நின்றபடியே.

"உட்காருங்க."

"முடியல சாமி. கலீனா ஒரே வார்த்தைதான் சொன்னா. எங்க ஊர்ப் பழைய பேர்ல ஒண்ணு வை, நீயே வைன்னு. அன்னிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"யாரையெல்லாம் கேட்டீங்க?"

யாரைக் கேட்கவில்லை என்று கேட்டிருக்கலாம். கடைக்கு வருகிற ருஷ்யாக்காரர்கள் எல்லாரையும் கேட்டிருக்கிறார். ஒரு பெரியம்மா தாத்தியானாதான் லட்சணமான பேர் என்றாளாம். பக்கத்து மேசைக்காரி, அது பள்ளிக்கூட டீச்சர் பேர், குழந்தைக்கு வைக்கிற பேரா என்றாளாம். இரண்டு பேருக்கும் சண்டை வந்து, டீ ஆறிப்போய், மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"எங்க அக்கா வச்சலா இருக்காளே," என்றார் ஏகாம்பரம். "குழந்தை காதுல பேர் சொல்றது அத்தைக்காரியோட உரிமை. எகத்தெரினான்னு சொல்லிப் பாத்தா பாதியிலயே நாக்கு சுளுக்கிக்குதாம். தாத்தியானான்னா, பொம்பளப் பிள்ளைய எப்படித் தாத்தான்னு கூப்பிடுறதுங்கிறா. மச்சானைக் கேட்டா, அனஸ்தாசியான்னு சொன்னாலே ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்ட மாதிரி இருக்குங்கிறார்."

"சரி."

"எங்க அப்பா நடாஷா வேண்டாம், சினிமாக்காரி பேருன்னுட்டார். அவர் எந்தப் படத்துல பாத்தாரோ!" என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரஞ்சிதம்மா, நீங்க சொல்லுங்க. லுத்மிலா எப்படி?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வேளைக்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றேன்.

"பாத்தீங்களா சாமி!" என்றார். வேப்பமரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போன் அடித்தது. பேசினார். வைத்தார். "இப்ப க்ஸேனியாவாம். கடைசி எழுத்து நல்லா இருக்காம். இதை நான் யார்கிட்ட கேக்கிறது?"

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். மார்கழி மாதம், சீசன் நேரம். பாதை முழுக்க வெள்ளைக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

"முதல்ல என்ன சொன்னீங்க? தாத்தியானாவா?"

"ஆமா."

சாமி கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்து, "தாத்தியானா!" என்று கத்தினார். தெருவே கேட்கிற மாதிரி. நாய் குரைத்தது. ஒருத்தரும் திரும்பவில்லை.

"சாமி, என்ன பண்றீங்க?"

"ஒல்கா!"

இரண்டு பெண்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைத்தாள்.

"ஐயோ சாமி, மானம் போகுது. எல்லாம் நம்ம கடைக்கு வர்றவங்க."

"நதேஷ்தா!"

தொப்பி போட்ட ஒரு பெரியம்மா நின்றாள். பாதையைக் கடந்து வந்தே விட்டாள். ஏகாம்பரம் அவர் கற்று வைத்திருக்கிற அரைகுறை ருஷ்யப் பாஷையில் கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மார்கழிக் குளிரில்!

சாமி திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒல்காவுக்கு ரெண்டு பேர் திரும்பினாங்க. நதேஷ்தாவுக்கு ஒருத்தங்க. உங்க பொண்ணு எதுக்குத் திரும்புறா?"

"அது எங்க சாமி திரும்பும்? இன்னும் கண்ணே தொறக்கல."

"காதுகிட்ட எந்தப் பேரையாவது சொல்லிப் பாத்தீங்களா?"

ஏகாம்பரம் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பேரு இன்னும் முடிவாகலையே."

"குழந்தை யார் ஜாடை?"

"கலீனா ஜாடைன்னு நர்ஸ் சொன்னாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

ஏகாம்பரம் பைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரிவாள்மணையைக் கீழே சாய்த்தேன். "நீங்க குழந்தைய இன்னும் பாக்கவே இல்லையா?"

"வராண்டாவுலதான் இருக்கேன் ரஞ்சிதம்மா. ராத்திரி பகலா அங்கதான் இருக்கேன். மருந்து வாங்கித் தரேன். உள்ள மட்டும் போகல. கலீனாவே ஆபரேஷன் வலியோட செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடந்து போய்ப் பாத்துட்டு வரா." குரல் இறங்கியது. "நேத்து நர்ஸ் வந்து கூப்பிட்டாங்க. சட்டைய அவுத்துட்டு நெஞ்சு மேல போட்டுக்கணுமாம். அப்பன் சூட்டுல குழந்தைக்குத் தெம்பு வருமாம். பேர் முடிவாகட்டும், முடிவு பண்ணிட்டு வரேன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி மனுஷா!" என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "பச்சைக் குழந்தை அங்க குளிர்ல கிடக்கு, நீங்க இங்க தெருத்தெருவா பேர் விசாரிச்சுக்கிட்டுத் திரியறீங்களே! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

சாமி என் பக்கம் கையைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன். மனசு மூடிக்கொள்ளவில்லை.

ஏகாம்பரம் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒண்ணு இருந்துச்சு சாமி. நான் இந்த மடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி."

சாமி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு வயித்துல இருக்கும்போதே பேர் வெச்சோம். கடையைச் சாத்திட்டு வந்ததும் வயித்துகிட்ட வாயை வெச்சுக் கூப்பிடுவேன். உள்ள இருந்து உதைக்கும். கலீனா சிரிப்பா. பொறந்த அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள போயிடுச்சு."

"என்ன பேரு?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"வேரா," என்றார்.

அதைச் சொன்னதும் அவர் முகம் கோணிக்கொண்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நம்ம பக்கத்துல, பேர் வெக்கிறதுக்கு முன்னாடி போயிட்டா காரியம் கிடையாது சாமி. துணியில சுத்தி எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சிட்டு வந்துடுவாங்க. மறுநாள் யாரும் பேச மாட்டாங்க. எங்க பெரியம்மா வீட்டுல அப்படி ரெண்டு போச்சு. அவங்க எதைப் பத்தியும் சொன்னதே இல்ல. அதனால..."

"அதனால?"

"இந்தத் தடவை டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வெச்சிக்கலாம்னு நினைச்சேன். அது வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஒருவேளை ஆகாமப் போனா, பேர் வெக்காத குழந்தைதானேன்னு..."

போன் மறுபடி அடித்தது. அவர் பார்க்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"வேராவை நினைக்கிறீங்களா?" என்றார் சாமி.

"நினைக்காம? கடை சாத்தினப்புறம் பாய்லர்கிட்ட உட்கார்ந்து பேரைச் சொல்லி அழுவேன். கலீனாவுக்குத் தெரியாது. அவளும் எங்கயோ உட்கார்ந்து அழுவா போல. எனக்குத் தெரியாது."

"அழுதா?"

"கொஞ்சம் ஆறும் சாமி. பேரைச் சொல்லிட்டா கொஞ்சம் ஆறும். மறுநாள் எழுந்து கடை தொறக்க முடியும்."

சாமி குனிந்து அவர் கையிலிருந்த சாவியை வாங்கினார். துண்டின் ஓரத்தால் துடைத்தார். திரும்ப அவர் உள்ளங்கையிலேயே வைத்தார்.

"இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது, ஏகாம்பரம். ஆனா அப்படி ஏதாவது ஆச்சுன்னா, யாரைச் சொல்லி அழுவீங்க?"